இடி வருமுன் எர்த்தைப் பாருங்கள்

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், களியக்காவிளைப் பக்கம் எங்கள் ஊரில் காது அடைக்கிற மாதிரி ஓர் இடி. டிவி, மோடம் இரண்டும் போயின. மோடம் சரி, சுவரில் நேரடியாகச் செருகியிருந்தது. டிவி, வோல்ட்டேஜ் துள்ளலைத் தடுக்கும் ஸ்பைக் பஸ்டரில் அல்லவா இருந்தது? அதை யோசித்ததில்தான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன்.

முதலில் இரண்டு வியாதியைப் பிரித்துக்கொள்ளுங்கள். இடியால் வரும் துள்ளல் கண் இமைக்குமுன் முடிந்துவிடும். ஆனால் ஆயிரக்கணக்கான வோல்ட். இன்னொன்று, கம்பத்தில் நியூட்ரல் அறுவது. 230 வரவேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறி, யாராவது மெயினை அணைக்கும்வரை அங்கேயே நிற்கும். முதலாவதற்கு மெயின் போர்டில் எஸ்பிடி, அதாவது துள்ளலை எர்த்துக்குத் திருப்பிவிடும் சின்னப் பெட்டி. இரண்டாவதற்கு, வோல்ட்டேஜ் கூடினால் தானாக அறுத்துவிடும் கட்-ஆப். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. சாதாரண ஸ்டெபிலைசர் இடியைத் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது எர்த். நான் ஏமாந்த இடம் இது. பேஸ், நியூட்ரல் இரண்டிலும் சேர்ந்து வரும் துள்ளலை மண்ணில்தான் இறக்க வேண்டும். ஸ்பைக் பஸ்டருக்கும் எஸ்பிடிக்கும் அதற்கு எர்த் வேண்டும். என் சாக்கெட்டில் மூன்று ஓட்டையும் அழகாக இருந்தன. கழற்றிப் பார்த்தால், மேல் ஓட்டைக்குப் போகவேண்டிய பச்சை ஒயர் டேப் சுற்றி மூலையில் சுருண்டு கிடக்கிறது! வீடு கட்டிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கும். டெஸ்டரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மல்ட்டிமீட்டரும் ஏமாற்றும், எங்குமே சேராத ஒயரிலும் நூறு சொச்சம் வோல்ட் காட்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கி எரிந்தாலோ எரியாமலே இருந்தாலோ எர்த் சரியில்லை. பளிச்சென்று எரிந்தால் இணைப்பு இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். எர்த் ஒயர் மண்ணில் இறங்கும் குழி எவ்வளவு நல்லது என்பதை எர்த் டெஸ்டர் என்ற தனி மீட்டர்தான் சொல்லும். எங்கள் கிணற்றடிக் குழியில் கிளாம்ப் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. புதிது மாற்றினோம். கோடையில் குழிக்குத் தண்ணீர் விட மறக்காதீர்கள்.

எஸ்பிடி வாங்கும்போது டைப் 2 கேளுங்கள். எப்போதும் தாங்கக்கூடிய வோல்ட்டேஜ் 275, 320 என்று இரண்டு இருக்கும்; வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் ஊருக்கு என் ஓட்டு 320-க்குத்தான். மாட்டுகிற வேலை எலக்ட்ரீஷியனுடையது, ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். எஸ்பிடிக்குப் போகும் ஒயரும் அதிலிருந்து, போர்டில் எர்த் ஒயர்கள் சேரும் உலோகக் கட்டைக்குப் போகும் ஒயரும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். எங்கள் ஆள் மிச்ச ஒயரை வளையம் வளையமாகச் சுற்றி உள்ளே அடைத்தார். "அண்ணே, அத வெட்டிருங்க" என்றதும் முறைத்தார், அப்புறம் வெட்டினார்.

கேபிள் டிவி ஒயர் கொல்லைப்புற வாசல் மாதிரி. மெயின் போர்டில் எதை மாட்டினாலும் இடி அந்த வழியாக வரும். மேற்கே இருட்டும்போதே அதையும் பிளக்கையும் உருவிவிடுவேன். சுவிட்சை அணைத்தால் போதாது; அது பேஸை மட்டும்தான் பிரிக்கும். இடி தலைக்குமேல் வந்துவிட்டால் உருவப் போகாதீர்கள், சாமான் போனால் போகட்டும்.

பின்சேர்க்கை: பல்பைப் போட்டதும் மெயின் டிரிப் ஆகிறது என்று பாறசாலையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இருந்தால் அப்படித்தான் ஆகும். 30 மில்லி ஆம்பியர் எர்த்துக்குப் போனாலே அது அணைந்துவிடும், பல்பு அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் இழுக்கும். ஆர்சிசிபிக்கு முந்திய பேஸிலிருந்து எடுத்து எலக்ட்ரீஷியனே பார்க்கட்டும்.

இன்னொன்று, எஸ்பிடியின் சின்ன ஜன்னல் சிவப்பானால் அது செத்துவிட்டது. விளக்கு வழக்கம்போல எரிவதால் யாரும் கவனிப்பதில்லை. மீட்டர் ரீடிங் எடுக்க ஆள் வரும்போதெல்லாம் நானும் ஓர் எட்டுப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.