பையில் இருக்கும் போன் யாரென்று சொல்லும்

எனக்குக் காது சரியாகக் கேட்காது. யார் அழைக்கிறார்கள் என்பதைச் சட்டைப் பையில் அதிரும் போனை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

ஐஃபோனில் ஒருவருடைய தொடர்பைத் திறந்து எடிட், ரிங்டோன், ஹாப்டிக்ஸ் என்று போனால் புது அதிர்வை உருவாக்கும் இடம் வரும். திரையைத் தட்டினால் குறுகிய அதிர்வு, அழுத்திப் பிடித்தால் நீண்டது, விரலை எடுத்தால் இடைவெளி. சேமித்தால் சரி.

எந்தத் தாளத்தை வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். முதலில் அம்மாவுக்கு மூன்று தட்டு, தம்பிக்கு நான்கு என்று வைத்திருந்தேன். நடக்கும்போது முதல் தட்டு தவறிவிடும், தம்பியை அம்மா என்று நினைத்து எடுப்பேன். எண்ணிக்கையை நம்பாதீர்கள், நீளத்தை நம்புங்கள். நம் மொழியிலேயே குறிலும் நெடிலும் இருக்கிறதே! இப்போது தம்பிக்குக் குறில், குறில்: டக், டக். அம்மாவுக்குக் குறில், நெடில்: டக், டர்ர்ர். தாத்தாவுக்கு இரண்டும் நெடில். பெயரைச் சொல்வது போலவே இருப்பதால் மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

நெடில் குறிலைப் போல மூன்று மடங்காவது நீளட்டும். கடைசித் தட்டுக்குப் பிறகு ஒரு வினாடி சும்மா விடுங்கள், அப்போதுதான் அடுத்த சுற்று எங்கே தொடங்குகிறது என்று புரியும். அப்புறம், கையில் பிடித்துச் சோதிக்காதீர்கள். பையில் போட்டு நடந்து பாருங்கள்.