ரத்த இழப்பு அதிர்ச்சியை முன்கூட்டியே கண்டறிவது எப்படி?

ரத்தம் குறைந்து, உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் எட்டாத ஆபத்தான நிலையே ரத்த இழப்பு அதிர்ச்சி (shock). விபத்தில் ரத்தம் இழந்தவரின் ரத்த அழுத்தம் இயல்பாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. தாமதமாகச் சரியும் அளவீடு அது. சுமார் 5 லிட்டர் ரத்தமுள்ள பெரியவர் 750 மில்லிலிட்டருக்கு மேல் இழக்கும்போது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவும் குறைகிறது. அதை ஈடுகட்டவே பரிவு நரம்புகள் (ஆபத்து நேரத்தில் உடலைத் தானாகவே தூண்டும் நரம்புகள்) இதயத்தை விரைவுபடுத்தி, தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் நாளங்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை ஒதுக்குகின்றன.

ஆகவே முதலில் கையைத் தொட்டுப் பாருங்கள். அதிர்ச்சி தொடங்கியிருந்தால் அது வெளிறி, சில்லிட்டு, பிசுபிசுவென்று வியர்த்திருக்கும். விரல் நகத்தை 5 விநாடி அழுத்திவிட்டால், வெளுத்த இடம் 2 விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும் (குளிரில் கிடந்தவரிடம் இச்சோதனை ஏமாற்றும்). நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டுகிறதா என்று எண்ணுங்கள். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா தடுப்பு மாத்திரை (beta blocker) எடுப்பவரிடம் அது உயராமலே இருக்கலாம். என் கணிப்பில் பலரும் கவனிக்கத் தவறுவது ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி குறைவதைத்தான்: 120/80 என்பது 112/90 ஆனால், நாளங்கள் இறுகிவிட்டன என்று சந்தேகிக்க வேண்டும்.

காயத்தை விடாமல் அழுத்திப் பிடித்து, அவரைப் படுக்கவைத்து, உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது தடைப்படும் என்பதால் போர்வையால் மூடி, குடிக்க எதுவும் தராமல், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.