வீட்டுக் காப்பீட்டில் உங்கள் சாமான்களும் சேர்ந்திருக்கிறதா? சரிபார்ப்பது எப்படி

2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னை வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, அம்மாவின் பட்டுப்புடவைகள் எல்லாம் போயின. வீட்டுக்கடன் வாங்கும்போது இன்சூரன்ஸ் போட்டோமே என்று தாள்களைத் தேடி எடுத்துப் பார்த்தால், கட்டடத்துக்கு மட்டும்தான் போட்டிருந்தது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் ஒரு ரூபாய்கூட வரவில்லை. உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பாலிசியின் ஷெட்யூல் பக்கத்தை, அதாவது எதற்கு எவ்வளவு தொகை என்று போட்டிருக்கும் பக்கத்தை, எடுங்கள். கட்டடம், வீட்டுப் பொருட்கள் என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும். பொருட்களுக்கு நேரே தொகை எதுவும் இல்லையென்றால் உங்கள் சாமான்களுக்குக் காப்பீடு இல்லை என்று அர்த்தம். வாடகை வீட்டில் இருப்பவர்களும் பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம், இது நிறையப் பேருக்குத் தெரியாது.

அடுத்தது தொகை. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு (ஆயுள் காப்பீடு அல்லாத) நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தருகின்றன. இதில் கட்டடத்தையும் பொருட்களையும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, பொதுவான வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே கிடைக்கும். பட்டியல்கூடக் கேட்க மாட்டார்கள். கட்டடத் தொகை என்றால் மனை விலையைச் சேர்க்காமல் கட்டுமானச் செலவு மட்டும். 900 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 22.5 லட்சம், அதில் 20 சதவீதம் 4.5 லட்சம். அது போதாது என்றால் விவரம் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

போதுமா என்று எப்படித் தெரியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியல் போடுங்கள், வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். போனில் வீடியோ எடுத்தபடி ஒவ்வொரு அறையாக நடங்கள், பீரோவைத் திறந்து காட்டுங்கள், பிரிட்ஜ், டிவி, கிரைண்டர் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை நெருக்கத்தில் எடுங்கள், பில் கிடைத்தால் அதையும் படம் பிடியுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள், ஏனென்றால் தண்ணீர் வரும்போது போனும் நனையும், பில் வைத்த பையும் நனையும். இன்று கடையில் புதிதாக வாங்கினால் என்ன விலையோ அதை எதிரே எழுதிக் கூட்டினால், நாம் மனதில் நினைத்திருந்ததைவிடப் பெரிய தொகை வரும்.

நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம் போன்றவை இந்தத் தொகைக்குள் வராது. மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு தனியாகச் சேர்க்க வேண்டும். ரொக்கப் பணத்தை இதில் எதிர்பார்க்காதீர்கள்.

சரி, எதற்கெல்லாம் பணம் வரும்? தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தண்ணீர்த் தொட்டி உடைந்து வழிவது எல்லாம் உண்டு. திருட்டு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தீ, வெள்ளம் போன்ற ஒரு சம்பவம் நடந்து அதிலிருந்து 7 நாட்களுக்குள் அதைத் தொடர்ந்து திருட்டுப் போனால்தான் இந்தப் பாலிசி தரும். ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்தால் தராது, அதற்குத் திருட்டுக் காப்பீடு தனியாக வேண்டும். மின்கசிவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: ஷார்ட் சர்க்யூட் ஆகி பிரிட்ஜ் எரிந்தால் அந்த பிரிட்ஜுக்குக் கிடைக்காது, தீ பரவி எரிந்த மற்றப் பொருட்களுக்குக் கிடைக்கும்.

நஷ்டம் வந்துவிட்டால், உடனே நிறுவனத்துக்குச் சொல்லிப் கிளெய்ம் எண் வாங்குங்கள். நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை நனைந்த மெத்தையைக்கூட வெளியே எறியாதீர்கள்; நாற்றம் தாங்காமல் எறிந்தே ஆக வேண்டும் என்றால் படம் எடுத்து, அவர்களிடம் எழுத்தில் சொல்லிவிட்டு எறியுங்கள். தீ என்றால் தீயணைப்புத் துறை அறிக்கை, திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். தேவைப்படும். கிளெய்ம் படிவத்தோடு அந்த ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலையும் கொடுங்கள். குறைத்துக் கொடுத்தாலோ மறுத்தாலோ முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் செய்யுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் அதிகாரியான காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.