நூலகத்தில் ஆன்லைன் தொழில்நுட்பப் புத்தக ட்ரையல் வந்திருக்கிறதா? புதியவர்களுக்கான செய்முறை

"ஆன்லைன் தொழில்நுட்பப் புத்தகங்கள், ஒரு மாத ட்ரையல்" (சந்தா கட்டுவதற்கு முன் படித்துப் பார்க்கப் பதிப்பகம் தரும் சோதனைக் காலம்) என்று துறை வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தால், நிறையப் பேர் கட்டைவிரல் குறி ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மாதம் முடிந்ததும் "யாரும் படிக்கவில்லையே" என்று கோப்பை மூடிவிடுவார்கள். அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்தாலும் சரி, பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் படித்தாலும் சரி, நூலகம் அதற்குச் சந்தா கட்டுமா கட்டாதா என்பது அந்த ஒரு மாதத்தில் நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் அமைகிறது. நூலகத்தில் வேலை பார்க்கிற எனக்கு நல்ல புத்தகங்கள் இப்படிக் கைநழுவுவது பொறுக்கவில்லை. அதனால் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

படி 1: எந்த இணையத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

பதிப்பகத்தின் தளம் பெரும்பாலும் ஆளைப் பார்த்து உள்ளே விடுவதில்லை, வளாக இணையத்தின் ஐ.பி. முகவரியை (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பார்த்துத்தான் விடுகிறது. ட்ரையல் கேட்கும்போதே நூலகம் அந்த முகவரிகளைக் கொடுத்திருக்கும். ஆகவே முதல் தடவை லேப் கம்ப்யூட்டரிலோ வளாக வைஃபையிலோ இருந்து, நூலகம் அனுப்பிய லிங்க்கையே திறங்கள். கூகுளில் தேடிப் போக வேண்டாம். உள்ளே போய்விட்டால் பக்கத்தின் மேலேயோ கீழேயோ உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் தெரியும்.

எங்களிடம் அதிகம் வருகிற புகார் இதுதான்: "சார், புக்கு தொறக்க மாட்டேங்கு, கார்டு நம்பர் கேக்கு." போனை வாங்கிப் பார்த்தால் வைஃபையோடு மொபைல் டேட்டாவும் ஆனில் இருக்கும். வைஃபை சிக்னல் குறைந்ததும் போன் தானாகவே டேட்டாவுக்கு மாறிவிடும். தளத்துக்குத் தெரிவது அப்போது செல்போன் நிறுவனத்தின் முகவரி. அதனால் உங்களை யாரோ வெளியாள் என்று நினைத்துத் தனிநபர் சந்தாப் பக்கத்தைக் காட்டுகிறது. டேட்டாவை அணைத்து, அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, லிங்க்கை மறுபடி திறந்தால் போதும். எந்தச் சூழ்நிலையிலும் கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள். நூலக ட்ரையலுக்கு மாணவர் பணம் கட்டுவது என்ற பேச்சே கிடையாது.

அப்படியும் திறக்கவில்லையா? கூகுளில் "வாட் இஸ் மை ஐபி" என்று தேடி, வருகிற எண்ணைக் குறித்துக்கொண்டு நூலகத்தில் சொல்லுங்கள். உங்கள் ஹாஸ்டல் வைஃபையின் முகவரி பட்டியலில் விடுபட்டிருக்கலாம். போன் செட்டிங்ஸில் 192.168 என்று தொடங்குகிற எண் உள்வலையமைப்புக்கானது, அது உதவாது.

படி 2: வீட்டிலிருந்து படிக்க வழி கேளுங்கள்

ஆலங்குளம், அம்பாசமுத்திரம், நாங்குநேரி என்று தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். மூன்று வழிகள் உண்டு. நூலகத்தின் ப்ராக்ஸி லிங்க் ஒன்று, அதன் வழியாகப் போனால் வளாகத்துக்குள் இருந்து வருவது போலவே தளத்துக்குத் தெரியும். காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக வலையமைப்பு மையம் நடத்தும் இன்ஃபெட் என்ற பொது லாகின் வசதி வழியாக, உங்கள் பல்கலைக்கழகக் கணக்கை வைத்து நுழைவது இன்னொன்று. பல்கலைக்கழக மின்னஞ்சலை வைத்துத் தளத்திலேயே கணக்குத் தொடங்குவது மூன்றாவது. ட்ரையலில் இவற்றில் எது உண்டு என்று லைப்ரரியன் சாரிடமோ மேடத்திடமோ கேட்டுவிடுங்கள். மூன்றாவது வழி என்றால், வளாகத்துக்குள் இருக்கும்போதே கணக்கைத் தொடங்கிவிடுவது நல்லது.

படி 3: சிலபஸைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள்

"பைதான்" என்று மட்டும் தேடினால் புத்தகங்கள் கொட்டும், எதை எடுப்பது என்றே தெரியாது. உங்கள் பாடத்திட்டத்தின் யூனிட் தலைப்பில் இருக்கிற சொற்களை அப்படியே போட்டுத் தேடுங்கள். அப்புறம் வெளியான ஆண்டு வாரியாக வரிசைப்படுத்துங்கள். பொருளடக்கத்தைப் பார்த்து, நடுவில் ஒரு அத்தியாயத்தைத் திறந்து, அதிலுள்ள நிரல் ஒன்றைப் படித்துப் பாருங்கள். பிரிண்ட் என்ற கட்டளைக்குப் பின்னால் அடைப்புக்குறி போடாமலேயே எழுதியிருந்தால் அது பைதான் 2 காலத்துப் புத்தகம். பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது. அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

படி 4: எது கணக்கில் ஏறுகிறது என்று தெரிந்து படியுங்கள்

இது பலருக்கும் தெரியாத விஷயம். பெரிய பதிப்பகங்கள் பலவும் கவுன்ட்டர் என்ற பொது விதிமுறைப்படி பயன்பாட்டுக் கணக்கைத் தருகின்றன. ஒரே பக்கத்தை 30 விநாடிக்குள் இரண்டு தடவை சொடுக்கினால் ஒன்றாகத்தான் எண்ணப்படும். ஒரே அமர்வில் ஒரு புத்தகத்தின் ஐந்து அத்தியாயங்களைத் திறந்தாலும், எத்தனை வெவ்வேறு புத்தகங்கள் திறக்கப்பட்டன என்று எண்ணும் தனித்தலைப்புக் கணக்கில் அது ஒரு புத்தகம்தான். ஆக, சந்தா வர வேண்டும் என்பதற்காகச் சும்மா சொடுக்கிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. பல மாணவர்கள், பல புத்தகங்களை, உண்மையாகவே படிக்க வேண்டும்.

உங்களுக்குத் திறக்காத புத்தகமும் கணக்கில் வரும். "உரிமம் இல்லை", "இருக்கை நிரம்பிவிட்டது" (ஒரே நேரத்தில் படிக்க அனுமதித்த எண்ணிக்கை முடிந்துவிட்டது) என்று மறுக்கப்பட்ட முயற்சிகளுக்கு அந்த அறிக்கையில் தனி இடம் உண்டு. எந்தத் தொகுப்பை வாங்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு வேண்டும் என்பதை நூலகர் அதைப் பார்த்துத்தான் பேரம் பேசுவார். எனவே வேண்டிய புத்தகம் பூட்டியிருந்தாலும் தயங்காமல் திறந்து பாருங்கள். படித்து முடித்ததும் லாக்அவுட் செய்துவிடுங்கள், இருக்கை அடுத்தவருக்குக் கிடைக்கட்டும்.

படி 5: மொத்தமாக இறக்காதீர்கள்

ட்ரையல் முடிவதற்குள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று சிலருக்குத் தோன்றும். தானியங்கி மென்பொருள் வைத்து இறக்கினால் தளம் அதைக் கண்டுபிடித்து, அந்த ஐ.பி. முகவரியையே தடுத்துவிடும். ஒருவர் செய்ததற்கு வளாகம் முழுக்கப் படிக்க முடியாமல் போகும். தேவையான அத்தியாயத்தை, தளம் அனுமதிக்கிற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்புகளை மட்டும் உங்கள் நோட்டிலோ தனிக் கோப்பிலோ எழுதி வையுங்கள். தளத்துக்குள்ளேயே எழுதினால் ட்ரையல் முடிந்ததும் கைக்கு எட்டாமல் போகலாம்.

மத்திய அரசின் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் வந்துவிட்டதே, இது எதற்கு என்று ஒரு பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. 2025 ஜனவரியில் தொடங்கிய அந்தத் திட்டம் ஆய்விதழ்களுக்கானது. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அங்கே போங்கள். ஒரு நிரல்மொழியை அரிச்சுவடியிலிருந்து கற்கப் புத்தகம்தான் வேண்டும்.

படி 6: நூலகருக்கு நான்கு வரி எழுதுங்கள்

"நன்றாக இருந்தது" என்று மட்டும் எழுதினால் அதை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: எந்த வகுப்பு, எந்தத் தாள், அதற்குப் பயன்பட்ட இரண்டு புத்தகங்களின் பெயர், தேடியும் கிடைக்காத ஒரு புத்தகம், வீட்டிலிருந்து திறந்ததா இல்லையா. ட்ரையல் முடிந்தபின் கொடுத்தால் சந்தாவை முடிவுசெய்யும் நூலகக் குழுக் கூட்டத்துக்குப் போய்ச் சேராது, முடிவதற்கு ஒரு வாரம் முன்பே கொடுங்கள். பாடம் நடத்துகிற ஆசிரியரையும் அதில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நூலகக் குழுவில் உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் பேராசிரியர்கள்தான்.