மரத்தடியில் நின்ற பழைய கார்: ஒழுகலையும் ஒயரிங்கையும் சரிசெய்யும்போது செய்யக் கூடாதவை

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு வீட்டில் மூன்று வருடம் அசையாமல் நின்றிருந்த டீசல் காரை வாங்கினேன். கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாடைதான். ஊறவைத்து மறந்துபோன சாக்கு மாதிரி. "மூடியே கெடந்துச்சுங்க, கண்ணாடிய எறக்கிவிட்டு ரெண்டு நாள் ஓட்டுனீங்கன்னா போயிடும்" என்றார் விற்றவர். நம்பினேன். தருமபுரிக்கு வரும் வழியில் பக்கத்து சீட்டில் இருந்த என் தங்கை, "அண்ணா, கால்ல ஈரமா இருக்கு" என்றாள். அது மார்ச் மாதம். ஒரு வாரமாக மழையே இல்லை.

அதோடு இன்னும் மூன்று கோளாறுகள் இருந்தன. பேட்டரி இரண்டு நாளில் படுத்துவிடும். ராத்திரியில் சென்ட்ரல் லாக் தானாக 'டக் டக்' என்று அடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டர் மங்கலாக எரியும். நான் நேராக ஒரு எலக்ட்ரீசியனிடம் போய்ப் புது பேட்டரி போட்டேன். இரண்டு நாளில் அதுவும் படுத்தது.

ஒழுகலை டிங்கர் வேலை என்றும் பேட்டரியை எலக்ட்ரீசியன் வேலை என்றும் பிரித்து வைத்ததுதான் நான் செய்த முதல் தவறு. பல நாள் கவனிப்பாரற்று நின்ற வண்டியில் இரண்டும் பெரும்பாலும் ஒரே நோய். தண்ணீர் உள்ளே வருகிற வழியை அடைக்காமல் ஒயரிங்கில் கை வைத்தால், அடுத்த மழைக்குப் பிறகு அதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். முதலில் தண்ணீர், அப்புறம் கரண்ட்.

சிலிக்கான் டியூபை எடுக்கும் முன்

ஈரத்தைப் பார்த்ததும் ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி, முன் கண்ணாடியைச் சுற்றி இழுத்துவிடுவது நம் ஊர் வழக்கம். நானும் இழுத்தேன். ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் தண்ணீர் கண்ணாடி வழியாக வரவே இல்லை. வினிகர் போல நெடியடிக்கும் அந்த ரகச் சிலிக்கான் காயும்போது அமிலத்தை வெளிவிடும். பெயின்ட் போன தகரத்தையும் செம்புக் கம்பியையும் அது அரிக்கும். நாளைக்கு நிஜமாகவே கண்ணாடியைக் கழற்றி ஒட்ட வேண்டி வந்தால், இந்தச் சிலிக்கானின் மேல் வேறு எந்தப் பசையும் பிடிக்காது. முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். கண்ணாடி ஒட்டுவதற்கென்றே பாலியூரித்தேன் பசை இருக்கிறது. அது கிளாஸ் வேலை செய்பவரின் கையில் இருப்பதே நல்லது.

என் வண்டியில் வழி வேறு இடத்தில் இருந்தது. வைப்பருக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக் பட்டை ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். முன் கண்ணாடியில் விழும் மழை அதன் துளைகள் வழியாக ஒரு தொட்டிக்குள் இறங்கி, இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகால் வழியாகத் தரைக்குப் போய்விடும். ஏசி ப்ளோயர் வெளிக்காற்றை இழுப்பதும் அதே தொட்டியிலிருந்துதான். வடிகால் அடைத்தால் தண்ணீர் அந்தக் காற்று வாய் வரைக்கும் ஏறி, ப்ளோயர் வழியாகக் காலடிக்கு வந்துவிடும். நம் பக்கத்து வண்டிகளில் ப்ளோயர் பெரும்பாலும் இடதுபுறம். தங்கை உட்கார்ந்திருந்த இடம்.

வைப்பர் கைகளைக் கழற்றிப் பட்டையைத் தூக்கியபோது, மக்கிய உரம் மாதிரி ஒரு கறுப்புக் கட்டி இருந்தது. மாம்பூச் சருகு, வாசலில் நின்ற புளியமரத்தின் பொடி இலை, எறும்பு மண். அதற்குள் ஒரு புளியங்கொட்டை முளைத்து வெளிறிய தண்டு விட்டிருந்தது. மா இலை பெரியது, பட்டையின் மேலேயே நின்றுவிடும். பூவும் புளிய இலையும்தான் துளை வழியே உள்ளே போய் அடைக்கின்றன. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நிழல் என்றால் இந்த இரண்டு மரங்கள்தான் என்பதால், வண்டியை வாங்கியதும் முதலில் இந்தப் பட்டையைத் தூக்கிப் பாருங்கள். அரைமணி நேர வேலை.

இன்னொரு தவறு, ஓட்டை என்று எதைப் பார்த்தாலும் அடைப்பது. கதவின் அடிப்பகுதியில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். கண்ணாடி ரப்பரைத் தாண்டிக் கதவுக்குள் கொஞ்சம் தண்ணீர் இறங்குவது இயல்பு; அது வெளியேறத்தான் அந்த வெட்டு. துரு வந்த கதவைப் பட்டி பார்த்து பெயின்ட் அடிக்கும்போது அதையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். கதவை ஆட்டினால் குடத்தில் தண்ணீர் தளும்புவது போலச் சத்தம் கேட்டால் அதுதான் காரணம். விளக்குமாற்றுக் குச்சியே போதும், குத்தி எடுத்துவிடலாம். கதவின் உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டையும் பாருங்கள். ஸ்பீக்கர் மாட்டியவர் அதைக் கிழித்துவிட்டுப் போயிருந்தால் கதவுத் தண்ணீர் நேராகத் தரைவிரிப்புக்கு வரும்.

எந்தத் தண்ணீர்?

இதைக் கேட்காமல் வேலையை ஆரம்பிப்பவர்கள் நிறைய. விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பாக, லேசாக இனிப்பு வாடையோடு, பச்சையோ சிவப்போ நிறம் இருந்தால் அது கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகுகிறது. கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலம் போலப் புகை படியும். கூலண்ட் விஷம். வாயில் வைத்துப் பார்க்கும் வேலை வேண்டாம், நாய், பூனை நக்கவும் விடாதீர்கள். ஏசி ஓடும்போது மட்டும் ஈரமாகி, நிறமோ வாடையோ இல்லாமல் இருந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. வண்டி கழுவிய நம் ஊர் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் தடம் விடும். ஏசி தண்ணீர் விடாது.

மழைத் தண்ணீர்தான் என்று முடிவானால், வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போய் பிரஷர் கன்னால் அடித்துப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் நல்ல ரப்பரையும் தாண்டித் தண்ணீர் உள்ளே வரும். இல்லாத ஒழுகலைத் தேடி அலைவீர்கள். தோட்டத்துக் குழாயை மெதுவாகத் திறந்துவிட்டு, கீழிருந்து மேலே ஒவ்வொரு இடமாக ஐந்து நிமிடம் பிடியுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது காரணம் என்றே தெரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும். சந்தேகப்படும் இடத்தில் சாக்பீஸ் பொடியைத் தூவி வைத்தால், துளி ஓடிய கோடு பளிச்சென்று தெரியும். ஈரம் தெரிகிற இடம் வேறு, தண்ணீர் நுழைகிற இடம் வேறு. கொடிக் கம்பியில் மழைத்துளி ஓடுவது போல ஒயர் கட்டின் மேலேயே தண்ணீர் ஓடி, மூன்றடி தள்ளிப் போய்ச் சொட்டும்.

எக்ஸ்ட்ரா ஹார்ன், ஃபாக் லாம்ப் மாட்டிய வண்டி என்றால் இன்ஜின் பக்கத்துத் தகரத்தில் ஒயர் நுழையும் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அதைக் குத்திக் கிழித்து ஒயரை நுழைத்திருப்பார்கள். ஒயரை நுழைவாய்க்கு முன்னால் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

வெயிலில் நிறுத்தினால் காய்ந்துவிடுமா?

காயாது. விரிப்பின் மேல்பக்கம் காயும், அடியில் இருக்கும் தடித்த பஞ்சு காயாது. நான்கு நாள் வெயிலில் நிறுத்தி, தொட்டுப் பார்த்து, சரியாகிவிட்டது என்று நானும் நினைத்தேன். கடைசியில் சீட்டைக் கழற்றி விரிப்பைத் தூக்கிப் பஞ்சைப் பிழிந்தபோது முக்கால் பக்கெட் தண்ணீர் வந்தது. மாட்டுத் தொட்டித் தண்ணீர் நிறத்தில்.

சீட்டைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்ட பிறகே அதில் கை வைக்க வேண்டும். அந்த ஒயரில் டெஸ்ட் பல்பு வைத்துப் பார்ப்பது எக்காரணம் கொண்டும் கூடாது.

விரிப்புக்கு அடியில்தான் விஷயமே இருந்தது. கதவோரமாக ஓடும் ஒயர் கட்டில் இரண்டு கனெக்டர்கள் பச்சைக் களிம்பு பூத்திருந்தன. இடது காலடி ஓரத்தில் லாக்கையும் உள் விளக்கையும் கட்டுப்படுத்தும் பெட்டி. அதன் பின்களிலும் அதே பச்சை. ராத்திரி 'டக் டக்'குக்குப் பேய் காரணமில்லை என்று அன்றுதான் நிம்மதி வந்தது.

களிம்பை எடுக்க கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். எனக்குத் தெரிந்த ஒருவர் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தார். பளபளவென்று வந்தது, ஒரு மாதத்தில் முன்னைவிட மோசமாக அரித்தது. புளியின் அமிலம் இடுக்கில் தங்கிவிட்டால் அப்படித்தான். விளக்கைக் கழுவுவது போல கனெக்டரைக் கழுவ முடியாதே.

அளக்காமல் மாற்றுவது

நான் வீணாக வாங்கிய பேட்டரியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது ஒரு சாதாரண மல்டிமீட்டர். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வரை வந்தால் டைனமோ வேலை செய்கிறது என்று பொருள். (புது வண்டிகளில் கம்ப்யூட்டர் இதைக் கூட்டிக் குறைக்கும், அது வேறு கதை.)

டைனமோவைச் சோதிக்கப் பழைய மெக்கானிக்குகள் ஒன்று செய்வார்கள்: வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பது. அம்பாசிடர் காலத்துப் பழக்கம். இன்றைய வண்டியில் அந்த நொடி வோல்டேஜ் எகிறி இன்ஜின் கம்ப்யூட்டரையே எரித்துவிடலாம். யாராவது செய்ய வந்தால், "வேண்டாங்கண்ணா, மீட்டர்லயே பாத்துக்கலாம்" என்று கையைப் பிடியுங்கள்.

நிற்கும் வண்டியில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்க, நெகட்டிவ் ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து இணைக்க வேண்டும். இதில் எல்லோரும் செய்யும் தவறு அவசரம். வண்டியைப் பூட்டி அரைமணி நேரம் விட்டால்தான் உள்ளே இருக்கும் கண்ட்ரோல் பெட்டிகள் எல்லாம் தூங்கும். அதற்கு முன் வரும் எண்ணை நம்பக் கூடாது. கதவைத் திறந்து வைத்துத்தான் ஃப்யூஸைப் பிடுங்க முடியும் என்றால், கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மடக்கி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்ப வையுங்கள். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவிக்க மறக்கக் கூடாது. மறந்து கதவை அடித்துச் சாத்தினால் பூட்டு உடையும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைப் போட்டு செல்ஃப் அடிக்கவும் கூடாது, மீட்டர் போய்விடும்.

பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் 800 காட்டியது. ஒரு நாளைக்கு 19 ஆம்பியர்-அவர். 60 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு நாளில் செல்ஃப் அடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. ஒவ்வொரு ஃப்யூஸாகப் பிடுங்கிப் பார்த்ததில், உள் விளக்கு ஃப்யூஸை எடுத்ததும் எண் விழுந்தது. அதே நனைந்த பெட்டி.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிவதற்கு பல்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கோளாறு எர்த்தில், அதாவது கரண்ட் வண்டியின் தகரம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில். பின்விளக்கின் எர்த் போல்ட் துருப்பிடித்தால், பிரேக் விளக்குக்குப் போன கரண்ட் திரும்ப வழியில்லாமல் இண்டிகேட்டர் பல்பு வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். போல்ட்டைக் கழற்றி, தகரம் பளிச்சிடும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிவிட்டு, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். செலவு ஒரு உப்புத்தாள்.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று 10 ஆம்பியருக்குப் பதில் 20 போடுவது, சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளைச் சுற்றிச் செருகுவது இரண்டுமே வண்டியைக் கொளுத்தும் வேலை. ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரை. 10 ஆம்பியர் ஃப்யூஸுக்கேற்ற மெல்லிய ஒயரில் 20 ஓடினால் ஃப்யூஸுக்கு முன் ஒயர் உருகும். ஒயரில் ஊசி குத்திச் சோதிப்பதும் கூடாது. அந்தத் துளை வழியே ஈரம் போய், வெளியே தெரியாமல் உள்ளே செம்பு பச்சையாகும். முறுக்கி டேப் சுற்றும் ஜாயின்ட் ஏப்ரல் வெயிலில் பசை உருகி அவிழ்ந்துவிடும். லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) போட்டு, கிரிம்ப் செய்து, அதாவது அழுத்தி இறுக்கி, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடச் சொல்லிக் கேளுங்கள், எலக்ட்ரீசியன் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

இன்னும் வாங்கவே இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் ஒரு விஷயம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த கார்களும் வேன்களும் வெள்ளத்தில் உருண்டு போனதை எல்லோரும் செல்போனில் பார்த்தோம். ஒழுகி நனைந்த வண்டியை நான் சொன்ன மாதிரி மீட்கலாம். டேஷ்போர்டு வரை மூழ்கிய வண்டி வேறு ஜாதி. அதில் ஒரு கனெக்டரைச் சரிசெய்தால் அடுத்தது கிளம்பும். சீட், விரிப்பு எல்லாம் மாற்றிப் புதுசு மாதிரி ஆக்கிவிடுவார்கள். சீட் பெல்ட்டை மட்டும் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். அதைக் கடைசி வரை இழுத்து, வழக்கமாக உள்ளேயே சுருண்டிருக்கும் பகுதியைப் பாருங்கள். செம்மண் கோடு இருந்தால் விலையைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.