ஜெய்சால்மர் போறீங்களா? அறையைக் கோட்டைக்கு வெளியே போடுங்க

ராஜஸ்தான் போறவங்க பலர் ஜெய்சால்மர் கோட்டைக்குள்ளேயே தங்க ஆசைப்படுவாங்க. ஜன்னலைத் திறந்தால் மஞ்சள் கல் மதில்னா ஆசை வரத்தான் செய்யும். ஆனாலும் தயவுசெய்து வெளியே தங்குங்க.

1156-ல் ராவல் ஜெய்சல் கட்டிய கோட்டை இது. இன்றைக்கும் உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. அந்தக் காலத்தில் கடிசர் ஏரியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வருவாங்க, ஒரு சொட்டும் வீணாகாது. குழாயும் கழிப்பறையும் பெருகின பிறகு, கழிவுநீர் அடியில் இருக்கிற இளகின மண்ணில் இறங்கி, மதிலையும் கொத்தளங்களையும் சரியவைக்குது. அங்கே ஓடும் ஒவ்வொரு ஷவரும் அந்தச் சுமையைக் கூட்டும். மதிலுக்கு வெளியே மாடியிலிருந்து பார்த்தால்தான் கோட்டை முழுசாகவும் தெரியும், சாயங்கால வெயிலில் கல் பொன்னாக மாறுவதைப் பார்த்துட்டே இருக்கலாம்.

உள்ளே இருக்கிற சமணக் கோயில்களுக்குக் காலையிலேயே போயிடுங்க. தோல் பெல்ட், பர்ஸை அறையிலேயே வெச்சுட்டுப் போறது நல்லது. அந்தக் கல்வேலைப்பாட்டைக் கிட்டே நின்று பாருங்க, சரிகை மாதிரி அவ்வளவு நுணுக்கம்.

பரப்பளவில் ராஜஸ்தானின் மிகப் பெரிய மாவட்டம் ஜெய்சால்மர், ஆனால் மக்கள் குறைவு. அதனால் ஊருக்கு ஊர் தூரம் அதிகம், வண்டியில் தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். டிசம்பர், ஜனவரின்னா ஸ்வெட்டர் கட்டாயம். பாலைவனம்தானேன்னு நினைச்சுடாதீங்க, ராத்திரி நடுங்க வெச்சுடும்.