உடைந்த என்ஜின் ஸ்டட்டை வெளியே எடுக்கும் முறை

என்ஜினின் புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாட்டும்போதோ கழற்றும்போதோ, அதை என்ஜினோடு பிணைக்கும் தலையில்லாத மரைக்கம்பியான ஸ்டட் நட்டுடன் சேர்ந்து முறிந்து வந்துவிட்டால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அது எப்படி முறிந்தது என்று முதலில் யோசிக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கியதால் முறிந்திருந்தால், உள்ளே மிஞ்சிய துண்டைப் பிடித்து வைக்கும் இழுவிசை எதுவும் இல்லை; கூர்முனைப் பஞ்ச் (சிறு உளி) கொண்டு அதன் விளிம்பை மெல்லத் தட்டித் திருப்பினாலே சில வேளைகளில் சுழன்று வந்துவிடும். கழற்றும்போது முறிந்திருந்தால், துரு மரையை (திருகு வரிகளை) கவ்விப் பிடித்திருக்கிறது என்று பொருள். முழுத் தடிமனுள்ள ஸ்டட்டே அந்தப் பிடிக்கு முன் தோற்றிருக்கும்போது, அதன் நடுவில் துளையிட்டுச் செருகித் திருப்பும் மெல்லிய பிடுங்கு கருவியான எக்ஸ்ட்ராக்டர் வெறும் விசையால் வெல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே பிடியைத் தளர்த்துவதற்கே நேரத்தின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டும்.

துருநீக்கி எண்ணெயைத் தெளித்து ஓரிரவு ஊறவிட்டு, இடையிடையே மீண்டும் தெளித்து, ஸ்டட்டின் தலையில் சிறு சுத்தியலால் தட்டிக்கொடுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் மரையின் இடுக்குகளுக்குள் இறங்கும். அடுத்தது சூடு. அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடைவதால், ஸ்டட் பொருந்தியிருக்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியமாக இருந்தால் ஸ்டட்டைச் சுற்றியுள்ள உலோகத்தைச் சூடாக்க வேண்டும். நீர்த்துளி பட்டவுடன் சீறி ஆவியாகும் அளவு போதும். தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகும், ஹெட்டின் அலுமினியக் கலவை அதற்கும் குறைவான சூட்டிலேயே உருகத் தொடங்கும், அதற்கு முன் சிவந்து எச்சரிக்காது என்பதால் தீச்சுடரை ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. வார்ப்பிரும்பு ஹெட்டில் ஸ்டட்டையே சூடாக்கி ஆறவிட்டால், விரிந்து சுருங்கும்போது துருவின் பிணைப்பு உடையும். எரிபொருள் குழாய்க்கு அருகில் சுடரைக் கொண்டுசெல்லாதீர்கள். எண்ணெய் தெளித்த இடத்தையும் துடைத்துவிட்டே சூடாக்குங்கள். குளோரின் சேர்மம் உள்ள பிரேக் கிளீனர் பட்ட இடம் சூடானால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும் என்பதை ஒருபோதும் மறக்கக் கூடாது.

ஸ்டட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் குறடு) இறுகப் பிடித்து, முதலில் இறுக்கும் திசையில் சற்று அசைத்து, பிறகு கழற்றும் திசையில் திருப்பி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். மரை நன்றாக இருந்தால் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, உள்நட்டைத் திருப்பலாம். என் மதிப்பில் இவை இரண்டையும்விடச் சிறந்தது, முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து அதன் துளை வழியாக வெல்டிங் செய்வதுதான்: திருப்புவதற்குப் பிடி கிடைக்கிறது, வெல்டிங்கின் சூடு துருவையும் தளர்த்துகிறது, எஃகு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டுவதும் இல்லை. தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

துண்டு ஹெட்டின் மட்டத்துக்குக் கீழே முறிந்திருந்தால்தான் துளையிட வேண்டும். துளை நடுவிலிருந்து விலகினால், டிரில் பிட் கடினமான எஃகை விட்டு மென்மையான அலுமினியத்துக்குள் வழுக்கி மரையைத் தின்றுவிடும். இந்த வேலையில் சரிசெய்யக் கடினமான தவறு இதுவே. முறிந்த முகப்பை இயன்றவரை சமப்படுத்தி, சென்டர் பஞ்ச் கருவியால் நடுப்புள்ளியைக் குறித்து, மேனிஃபோல்டின் ஃபிளாஞ்சை (துளைகள் உள்ள விளிம்புத் தகடு) திரும்பப் பொருத்தி, அதன் துளைக்குள் டிரில் பிட் நுழையும் அளவுள்ள குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினால், பிட் விலகாமல் நேராக இறங்கும். எட்டு மில்லிமீட்டர் ஸ்டட் என்றால் 3 மில்லிமீட்டரில் தொடங்கி, குறைந்த வேகத்தில், வெட்டும் எண்ணெய் விட்டு, படிப்படியாக 5 வரை அகலப்படுத்துங்கள். துளைக்குப் பின்னால் குளிர்நீர்ப் பாதை இருக்கக்கூடும் என்பதால் பிட்டில் ஒட்டும் நாடாவை ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இடப்புறம் சுழலும் டிரில் பிட் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். துளையிடும்போதே துண்டு கழன்று வந்துவிடுவது உண்டு.

எக்ஸ்ட்ராக்டரைக் கடைசியில், மிதமான விசையோடு மட்டுமே பயன்படுத்துங்கள். கூம்பு வடிவ எக்ஸ்ட்ராக்டர் உள்ளே இறங்கும்போது ஸ்டட்டின் சுவரை வெளிநோக்கி விரித்து, பிடியை இன்னும் இறுக்கவும் கூடும். அது உள்ளே முறிந்தால், கடினப்படுத்திய எஃகு என்பதால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. கார்பைடு பிட்டையோ, இயந்திரப் பட்டறையின் மின்பொறி அரிப்பு முறையையோ நாட வேண்டியிருக்கும். ஆகவே எக்ஸ்ட்ராக்டர் எளிதில் திரும்பாமல் கை கனத்தால் நிறுத்திவிட்டு, துளையை 6.5 மில்லிமீட்டர் வரை அகலப்படுத்தி, மெல்லிய சுவராக மிஞ்சும் எஃகைக் கூர்முனைக் கம்பியால் உள்நோக்கி மடக்கிப் பிடுங்குவது பாதுகாப்பானது. மரை சிதைந்திருந்தால் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையைப் பொருத்தலாம்.

துளையைக் காற்றால் ஊதும்போது கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். சரியான அளவுள்ள, மரை வெட்டும் டேப் கருவியால் மரையைத் துலக்கி, புது ஸ்டட்டில் வெப்பம் தாங்கும் ஆன்டி சீஸ் பசையை (மரை இறுகிப் பிடிக்காமல் தடுப்பது) தடவி, கையால் பொருத்துங்கள். பசை தடவிய மரையில் அதே டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவு கூடுதல் இழுவிசையைத் தரும் என்பதால், கையேட்டில் உள்ள அளவு உலர்ந்த மரைக்கா, பசையிட்ட மரைக்கா என்று பார்க்க வேண்டும். மேனிஃபோல்டைத் திரும்ப மாட்டும் முன் அதன் முகப்பில் நேரான எஃகு அளவுகோலை வைத்து, ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) இடைவெளியைச் சோதியுங்கள். மேனிஃபோல்டு வளைந்திருந்தால் அதைச் சமப்படுத்தாமல் பொருத்தும் புது ஸ்டட்டும் அதே இடத்தில் முறியும்.